ஏழு பாடமும் ஒரு லாரியும்

என் தம்பியின் குடும்பத்துக்கு வீடு மாற்றித் தருவதுதான் தொழில். ஒருவர் குடியிருக்கும் வீட்டைப் பெட்டிகளில் அடைத்து, லாரியில் ஏற்றி, இன்னொரு வீட்டில் இறக்கி வைப்பார்கள். தம்பி லாரிக்குள் நின்று அடுக்குவான். அவன் மனைவி பீங்கானையும் கண்ணாடியையும் காகிதத்தில் சுற்றுவாள். மூத்த மகன் வண்டி ஓட்டுவான். இளையவள் கயிறு கட்டுவாள். அவள் போட்ட முடிச்சை அவளைத் தவிர வேறு எவராலும் அவிழ்க்க முடியாது என்பதால் வீட்டில் அவளுக்கு முடிச்சு என்றே பெயர். பள்ளியில் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்ற நான் அந்த வீட்டின் மாடியறையில் இருக்கிறேன். பெட்டிகளின்மேல் 'கவணம்' என்று எழுதாதீர்கள், 'கவனம்' என்று எழுதுங்கள் என்று சொல்வது அந்தத் தொழிலில் என் பங்கு.

முடிச்சு பொறியியல் படிக்க விரும்பியதற்குக் காரணம் ஒரு நிலைக்கண்ணாடி. தையற்கடைக்காரர் ஒருவருடையது; ஆள் உயரம் இருக்கும். முடிச்சே அதைக் கம்பளியில் சுற்றி, நான்கு மூலையிலும் பஞ்சு திணித்து, இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் நிறுத்திக் கட்டினாள். வண்டி எங்கும் இடிக்கவில்லை. எவரும் எதையும் கீழே போடவில்லை. ஆயினும் இறக்கிப் பிரித்தபோது மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் கோடு. தம்பி சாலையைத் திட்டினான். மூத்தவன், தன்னை எவரும் திட்டுமுன் முந்திக்கொண்டு, டயரைத் திட்டினான். அவள் மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவள் ஒரு சிறிய தொழில்நுட்பப் பள்ளியில் டிப்ளமோ முடிக்கும் நிலையில் இருந்தாள். அங்கே விசாரித்ததில், "அது அதிர்வு பற்றிய விஷயம், அதற்கென்று தனிப் பாடம் பெரிய கல்லூரியில்தான் உண்டு" என்றார்கள். உடனே பெரிய கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். நேரே இரண்டாம் ஆண்டில் சேர இடமும் கிடைத்தது.

இடத்தோடு ஒரு விதிப்புத்தகமும் கிடைத்தது. அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நாகரிகம் உள்ளவர்கள் எழுதிய நூலன்று அது. எழுவாய் ஒரு பக்கத்தில் புறப்பட்டால் பயனிலை அடுத்த பக்கத்தில்தான் வந்து சேர்கிறது. வழியில் எத்தனையோ 'மேற்படி', 'அன்னாரது'. மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்கும் வகுப்புக்கு மூன்று கிரெடிட்டாம். மூன்று மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் ஆய்வகத்துக்கு ஒரே ஒரு கிரெடிட்டாம். உட்கார்ந்தவனுக்கு மூன்று, நின்றவனுக்கு ஒன்று! இதை எழுதியவர் வாழ்நாளில் ஒருநாளாவது நின்று வேலை செய்திருப்பாரா?

பொறுமையாகப் பதம் பிரித்ததில் விளங்கியது இதுதான். வேறிடத்திலிருந்து மாறிவரும் மாணவர் முதல் செமஸ்டரில் குறைந்தது நான்கு பாடங்கள் எடுக்க வேண்டும்; ஏழுவரை எடுக்கலாம். எடுத்தவற்றில் ஒன்றில் தவறினாலும் இடம் போய்விடும். முடிச்சு கேட்கும் அதிர்வியல் அடுத்த செமஸ்டரில்தான் நடக்கும். அதில் உட்கார வேண்டுமானால் இயக்கவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள் என்ற இரண்டையும் இந்தச் செமஸ்டரிலேயே தேறியாக வேண்டும். இவற்றை அந்த வீட்டில் டைனமிக்ஸ் என்றும் டிஃபரன்ஷியல் என்றும் சொல்கிறார்கள். நான் சொல்வதில்லை.

"டிஃபரன்ஷியலா? அது வண்டியோட பின் ஆக்ஸில்ல இருக்கே," என்றான் மூத்தவன். "நானே எத்தன தடவ கழட்டி மாட்டியிருக்கேன். அதுக்கு ஒரு செமஸ்டரா?"

"அது வேற டிஃபரன்ஷியல்ணா."

"எல்லாம் ஒண்ணுதான். கிரீஸ் போட்டா ஓடும்."

"நாலு பாடம் போதும்ப்பா," என்று தந்தையின் பக்கம் திரும்பினாள் முடிச்சு.

"நாலா? ஏழு வரைக்கும் ஏத்தலாம்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. ஏழு டன் வண்டியில நாலு டன்ன ஏத்திட்டு, மிச்ச எடத்துல காத்தையா கொண்டு போறது?"

"ஒண்ணு போச்சுன்னா சீட்டே போயிரும்ப்பா."

"அதெல்லாம் போகாதுடி. நம்ம வண்டியில என்னைக்குப் பொருள் போயிருக்கு?"

அவள் அவனைப் பார்த்தாள். தம்பிக்குக் கண்ணாடி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்து லாரிக்குப் போய்விட்டான்.

மறுநாள் ஞாயிறு, வண்டிக்கு வேலை இல்லை. தம்பி அதன் தரையைக் கழுவித் துடைத்துச் சாக்பீஸால் கட்டம் போட்டான். குறுக்கே திங்கள் முதல் வெள்ளி வரை, நெடுக்கே காலை முதல் மாலை வரை. ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு பெட்டி. தரையில் அடுக்கும் வரிசை முதல் செமஸ்டர், அதற்குமேல் அடுத்தது, இப்படியே மேலே மேலே. இதைக் காகிதத்தில் எழுதினால் ஆகாதா என்று கேட்டேன்.

"காகிதத்துல எதத்தான் எழுத முடியாது அண்ணா? நாற்காலி மேல யானை உக்காந்திருக்குன்னுகூட எழுதலாம். வண்டியில வெச்சுப் பாத்தாத்தான் நிக்குமா நிக்காதான்னு தெரியும்."

அவர்கள் தொழிலில் மாறாத விதிகள் இரண்டு. கனமானது அடியில் போக வேண்டும். இடைவெளி விடக் கூடாது. அடியில் இலேசானதை வைத்தால் நசுங்கும். இடைவெளி விட்டால் சரக்கு ஆடும். கட்டிலுக்கும் பீரோவுக்கும் பொருந்தும் இவ்விதிகள் செமஸ்டருக்கும் பொருந்தும் என்பதில் தம்பிக்கு எள்ளளவும் ஐயமில்லை.

"இருக்கறதுலயே கனமான பாடம் எதெல்லாம்?"

"டைனமிக்ஸ், டிஃபரன்ஷியல், தெர்மோ, ஃப்ளூயிட்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்…"

"போதும், போதும். அஞ்சும் அடியில போகட்டும்."

"அஞ்சையும் ஒரே செமஸ்டர்லயா?"

"பின்ன? தலகாணிய அடியில போட்டு பீரோவ மேல வெப்பியா?"

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததுதான் தாமதம், வீடே லாரிக்குள் ஏறிவிட்டது. ஏற்றத்தில் வண்டி சூடாவதை ஒரு வழி பண்ண வேண்டும் என்று தம்பி வெப்பவியல் பெட்டிகளைத் தானே தூக்கி வந்து வைத்தான். பிரேக்கில் ஓடுவது எண்ணெய், எண்ணெய் என்றால் பாய்மம், ஆகவே பாய்மவியல் இல்லாமல் தான் வண்டியைத் தொடப்போவதில்லை என்று மூத்தவன் வாதாடினான். புதுவீட்டில் வாஷிங் மெஷினை இறக்கி வைத்தால் பிளக்கைக் குத்த இடம் இருப்பதில்லை, நம் வீட்டிலேயே மின்சாரம் தெரிந்த ஒருத்தி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தம்பி மனைவி மின்னியல் ஆய்வகத்தைக் கேட்டாள். வியாழன் பிற்பகல் மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. ஆய்வகம் அவற்றில் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அனைவரும் கைதட்டினார்கள்.

அப்படியும் மூன்று கட்டங்கள் மிஞ்சின. அவை ஓட்டைப்பல்போல் இளித்துக்கொண்டிருந்தன. விதிப்புத்தகத்தில் 'தொழில்நுட்ப எழுத்து' என்றொரு பாடத்தை நான் பார்த்திருந்தேன். பொறியாளர்கள் வாக்கியம் எழுதக் கற்றுக்கொள்ளும் பாடம். அந்தப் புத்தகத்தையே எழுதியவர் அதைப் படித்திருந்தால் எனக்கு இத்தனை தலைவலி வந்திராது.

"அதைப் போடு," என்றேன்.

போட்டார்கள். பொருந்திற்று. ஒரு விரல்கூட நுழையாது.

தம்பி கீழே குதித்து, பின்னால் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தான். "என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு லோடு அடுக்கினதில்ல," என்றான். மூத்தவன் பெட்டிகளைப் பிடித்து உலுக்கினான். ஒன்றும் அசையவில்லை. மலை மாதிரி இருந்தது.

"வீட்டுல வந்து படிக்கிற நேரம் எதுலம்மா வருது?" என்று முடிச்சு தாயிடம் மெல்லக் கேட்டாள்.

"மொதல்ல வண்டிய நெரப்பட்டும்டி. அப்பா ஆசையா இருக்காரு."

முடிச்சு கயிற்றை எடுத்துக் கட்டினாள். அவளுக்கும் அந்த உற்சாகத்தை உடைக்க மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இருமுறை அவிழ்த்துக் கட்டினாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மாலையோடு பதிவு மூடப்படும். ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் பதிவு ஆகாது. அடுக்கியதைப் பிரித்துக் காகிதத்தில் எழுதுவதற்குத் தம்பி சம்மதிக்கவில்லை. ஆகவே திங்கள் பிற்பகல் குடும்பம் முழுவதும் செமஸ்டரோடு லாரியில் கல்லூரிக்குச் சென்றோம்.

மூத்தவன் வண்டியைப் பிரதான கட்டடத்தின் வாசலிலேயே நிறுத்தினான். அங்கே நிறுத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தும் அவன் மதிக்கவில்லை. தம்பியும் முடிச்சும் நானும் மாடிக்குப் போனோம். ஆலோசகர் ஒரு பேராசிரியை, நடுத்தர வயது. கொண்டையில் பென்சில் ஒன்றைச் செருகியிருந்தார். காலையிலிருந்து மாணவர்களுக்கு ஒப்புதல் கொடுத்து ஓய்ந்துபோயிருந்தது அவர் முகத்தில் தெரிந்தது. மேசையில் பாதி கடித்த பிஸ்கட் ஒன்று அப்படியே கிடந்தது.

"ப்ளான் எங்க?" என்றார்.

"கீழ இருக்கு மேடம். வண்டியில," என்றான் தம்பி.

"எடுத்துட்டு வாங்க."

"தூக்க முடியாதுங்க. நீங்கதான் கொஞ்சம் எறங்கி வரணும்."

"எது வண்டியில இருக்கு?"

"பாப்பாவோட செமஸ்டர்."

ஆலோசகர் முடிச்சைப் பார்த்தார். முடிச்சு கூரையைப் பார்த்தாள். ஒரு கணம் எங்களை வெளியே போகச் சொல்லப்போகிறார் என்றே எண்ணினேன். அவரோ மடிக்கணினியை மூடாமலே கையில் ஏந்திக்கொண்டு எழுந்தார். "நடங்க. இன்னைக்கு ஒண்ணாவது புதுசா பாக்கறேனே," என்றார்.

சாய்ந்திருந்த பலகைமீது ஏறி அவர் லாரிக்குள் நுழைந்தார். தம்பி கட்டங்களை விளக்கினான். திங்கள் முதல் வெள்ளி வரை, அடியில் கனம், மேலே இலேசு. அவர் சாக்பீஸ் கோட்டின்மேல் கால் படாமல் நடந்து, ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியிருந்ததைப் படித்தார். ஒரு பெட்டியை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"இவ்வளவு நெருக்கமா ஒரு ப்ளான நான் பாத்ததே இல்ல."

தம்பியின் மார்பு விரிந்தது. "வண்டி கவுந்தாலும் இது அசையாதுங்க."

"அது தெரியுது. வீட்டுல படிக்கிற நேரம் எங்க சார்?"

"படிக்கத்தானே மேடம் இங்க வருது?"

"இங்க வந்து கேக்கும். வீட்டுக்குப் போய்த்தான் படிக்கும், கணக்குப் போடும். ஒரு மணி நேரம் வகுப்புன்னா வீட்டுல ரெண்டு மணி நேரம். அந்தப் பெட்டி ஒண்ணும் இதுல இல்லயே."

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவள் முடிச்சைப் பார்த்தாள். "நேத்தே கேட்டா. நாந்தான் வாய அடைச்சேன்," என்றாள்.

"அவ்வளவுதானே?" என்றான் மூத்தவன். "வெறும் பெட்டி முன்னாடி ஒரு கட்டு கெடக்கு. ஒண்ணுக்கு ரெண்டு வெச்சாப் போச்சு."

விபரீதம் அங்கேதான் தொடங்கிற்று. மூத்தவன் மடித்த அட்டைகளை எடுத்து வீசினான். தம்பி விரித்தான். தம்பி மனைவி டேப்பைக் கிழித்து ஒட்டினாள். ஒட்ட ஒட்டப் பெட்டிகள் பெருகின. லாரிக்குள் இடம் ஏது? பலகையில் அடுக்கினார்கள். பலகை நிரம்பியதும் நடைபாதைக்கு வந்தார்கள். அந்த வழியே போன மாணவர்கள் என்னவென்று கேளாமலே கைகொடுத்தார்கள். ஒருவன் எங்கிருந்தோ இன்னொரு டேப்பு கொண்டு வந்தான். வெப்பவியலுக்கு வீட்டில் படிக்கும் நேரம் சைக்கிள் நிறுத்துமிடத்தை எட்டிற்று. பாய்மவியல் படிக்கட்டில் ஏறிற்று. "ஆய்வகத்துக்கு ரிப்போர்ட் எழுதணும், அதுக்குத் தனியா," என்று எவனோ ஒரு மாணவன் கத்தினான். "அய்யோ, அதுக்கு நாலு போடுங்க!" என்றாள் இன்னொருத்தி. அனைவரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், பெட்டி என்றால் அவனுக்குக் கை நிற்காது. ஆலோசகரோ வாயைப் பொத்திக்கொண்டு பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தே விட்டார்.

முடிச்சு ஒருத்திதான் சிரிக்கவில்லை. லாரியின் வாசலில் நின்று, சாலையில் நீண்டுகொண்டே போகும் தன் செமஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க," என்றாள்.

எவரும் நிறுத்தவில்லை. அவள் குனிந்து கயிற்றின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அந்தக் கட்டு முழுவதும் அவிழ்ந்தது. வெப்பவியல் பெட்டி ஒன்றைத் தூக்கி வெளியே வீசினாள். அது நடைபாதையில் உருண்டு தம்பியின் காலடியில் நின்றது.

"ஏய்! அது என்னோடதுடி!"

"அடுத்த நடைக்குப்பா."

வீடு மாற்றும்போது ஒரே தடவையில் கொள்ளாத சாமானை அடுத்த நடையில் ஏற்றுவது வழக்கம். அந்தச் சொல்லுக்கு அந்தத் தொழிலில் மறுப்பு கிடையாது. தம்பி பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

அடுத்துப் பாய்மவியல் பறந்தது.

"முடிச்சு, பிரேக்குடி!" என்று அலறினான் மூத்தவன்.

"அடுத்த வருஷம் வரைக்கும் மெதுவா ஓட்டுண்ணா."

ஆய்வகத்தை அவள் தூக்கியபோது தாய் தானாகவே இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். "பிளக்கு எங்கயும் ஓடிப் போயிராது. நீ மூச்சு விடு," என்றாள்.

மீதி நான்கு. இயக்கவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், பொருள் வலிமையியல், பிறகு என்னுடைய தொழில்நுட்ப எழுத்து. என் பெட்டியை அவள் வெளியே எறியாதது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவும் நான் முயலவில்லை.

"மூணும் கணக்குப் பாடம்," என்று அவள் ஆலோசகரிடம் சொன்னாள். "கூட ஒண்ணு லேசா இருக்கணும் மேடம். அதான் இத வெச்சுக்கறேன்."

லேசாம்! ஒரு வாக்கியத்தைக் கூன் குருடு இல்லாமல் எழுதுவது லேசாம்! சொல்வதற்கு எனக்கு நிறைய இருந்தது. அதற்குள் ஆலோசகர் எழுந்து, "சரியான கலப்பு. நான் சொல்ல வந்ததும் இதேதான்," என்றுவிட்டார். இப்படித்தான் இருக்கிறது நாட்டில் கல்வி.

நான்கு பாடங்களின் பெட்டிகளும் அவற்றுக்கு வீட்டில் படிக்கும் பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே ஏறின. நடுவில் கொஞ்சம் இடம் வெறுமையாக நின்றது. தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"காலி எடம் விட்டா ஆடும்டி. எதையாவது வெச்சு அடை."

முடிச்சு அந்த இடத்தில் போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகு இயக்கவியலிலும் பாதம் பொருள் வலிமையியலிலும் முட்டின.

"இங்க நான் இருக்கணும்ல?" என்றாள்.

தம்பி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். இத்தனை நேரம் அடுக்கியதில் அவளுக்கு இடம் வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

"மேடம், டைனமிக்ஸ்ல எடம் இருக்கான்னு பாருங்களேன்," என்றாள் அவள்.

ஆலோசகர் கணினியைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு சுருங்கிற்று. "காலைல நெறைய இருந்துச்சு. இப்ப ரெண்டுதான் காட்டுது. ஒக்காரு, ஒடனே போட்டுரலாம்." அவரும் அவளருகே தரையில் உட்கார்ந்தார்.

சரியாக அந்நேரம் பார்த்துக் காவலாளி வந்தார். எங்கள் லாரிக்குப் பின்னால் கல்லூரிப் பேருந்தும் அதற்குப் பின்னால் தண்ணீர் லாரியும் நின்று ஒலி எழுப்பிக்கொண்டிருந்தன.

"யாருய்யா வண்டி? எடு! எடுக்கறியா, சக்கரத்துல பூட்டுப் போடவா?"

மூத்தவனுக்குக் காக்கிச்சட்டையைக் கண்டால் கை கால் தானாக இயங்கும். பலகையை உள்ளே தள்ளினான். பின்கதவுகளைச் சாத்திக் கொண்டியைப் போட்டான். ஓடிப்போய் ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டான். நானும் தம்பியும் தம்பி மனைவியும் நடைபாதையில், வெப்பவியலுக்கும் பாய்மவியலுக்கும் நடுவில் நின்றோம்.

"உள்ள மேடம் இருக்காங்களே!" என்றாள் தம்பி மனைவி.

"ஆளு இருந்தா நல்லதுதான். லோடு ஆடாது," என்றான் தம்பி. அவன் காதைச் சாய்த்து வண்டி போகும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே நடந்ததை முடிச்சு பிறகு சொன்னாள். நான்கு பக்கமும் தகரம், கும்மிருட்டு, கணினித் திரை மட்டும் வெளிச்சம். கதவு சாத்தியதும் இணைய இணைப்பு செத்துவிட்டது. ஆலோசகர் கணினியை மேலே தூக்கிப் பார்த்தார். கீழே வைத்துப் பார்த்தார். எழுந்து நின்று கூரையோடு சேர்த்துப் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. முடிச்சு ஓட்டுநர் பக்கத்துத் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. அது அவர்கள் வழக்கம்.

"நிறுத்த முடியாது! பின்னாடி பஸ் முட்டிட்டு வருது!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

வண்டி கல்லூரியைச் சுற்றும் பாதையில் திரும்பியது. முடிச்சு பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவைத் தேடி, தாழை உதைத்துத் திறந்தாள். காற்றும் வெயிலும் உள்ளே பாய்ந்தன. ஆலோசகர் மண்டியிட்டு, கணினியை வெளியே நீட்டிப் பிடித்தார். முடிச்சு அவருடைய இடுப்பில் கயிற்றைச் சுற்றி மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். கொண்டையிலிருந்த பென்சில் பறந்தது. கூந்தல் அவிழ்ந்தது.

"ஒண்ணுதான் இருக்கு! ஒண்ணே ஒண்ணு!" என்று ஆலோசகர் கத்தினார். "எவனோ இப்பத்தான் ஒண்ண எடுத்திருக்கான்! மரம் மறைக்குது! இன்னும் கொஞ்சம் போகச் சொல்லு!"

முடிச்சு தகரத்தில் இரண்டு தட்டு தட்டினாள். மூத்தவன் மிதித்தான்.

நூலகத்தின் வளைவில் மரங்கள் விலகின. ஆலோசகர் விரலால் ஒரே குத்தாகக் குத்தினார். வட்டம் சுற்றிற்று, சுற்றிற்று. வளைவில் லாரி ஒருபுறம் சாய்ந்தபோது இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்தபோது திரையில் பச்சை நிறத்தில் 'பதிவு ஏற்கப்பட்டது' என்றிருந்தது. அங்கேயே, அந்தக் கதவிலேயே, மற்ற மூன்றையும் போட்டு ஒப்புதலும் கொடுத்துவிட்டார்.

ஒரு சுற்று முடித்து வண்டி வாசலுக்கு வந்து நின்றது. மூத்தவன் கொண்டியை நீக்கினான். ஆலோசகர் தலைவிரி கோலமாக, இடுப்பில் கயிற்றோடு, கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"சார்! ஒரு பெட்டிகூட நகரல!"

"நகராதுங்க. யாரு அடுக்கினது?" என்றான் தம்பி.

"கெடச்சிருச்சுப்பா!" என்று கத்திக்கொண்டே முடிச்சு மேலிருந்து அவன்மீது குதித்தாள். அவன் ஒரு பீரோவைப் பிடிப்பதுபோல் இரு கையாலும் பிடித்துக்கொண்டான். மாணவர்கள் விசில் அடித்தார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. காவலாளிகூட, "சரி, சரி, கெடச்சா சந்தோஷம். இப்ப எடுங்க," என்றார்.

ஆலோசகரின் இடுப்புக் கயிற்றை அவிழ்க்க வேண்டியிருந்தது. நான் முயன்றேன், தம்பி முயன்றான், பிறகு முடிச்சே வந்து ஒரு சுண்டு சுண்டினாள். ஆலோசகர் தலைமுடியை விரலால் கோதிக்கொண்டே அவளிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"எடம்தான் பிடிச்சிருக்கு. தேறினாத்தான் உன்னோடது. டைனமிக்ஸ்ல மொத டெஸ்ட் சீக்கிரமே வந்துரும். இங்க முதல்லேருந்து இருக்கறவங்களுக்கு அது பழகின பாட்டு. உனக்குப் புதுசு. புரியலன்னா ஒரு வாரம்கூடத் தள்ளாத. என் ரூமுக்கு வா."

"வரேன் மேடம்."

"வண்டியில வேணாம். நடந்து வா."

போகும்போது அவர் தம் அறையிலிருந்து பழைய இயக்கவியல் நூல் ஒன்றை எடுத்துவரச் செய்து அவளிடம் கொடுத்தார். தடித்த நூல், தம்பி அதைக் கையில் வாங்கி எடை பார்த்து, "ம்," என்றான்.

நடைபாதையிலிருந்த பெட்டிகளையெல்லாம் மடித்து ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். முன்னால் ஐந்து பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். முடிச்சு சன்னலோரம், அவளுக்கு அருகில் நான். கல்லூரி வாசலைத் தாண்டுவதற்குள் அவள் நூலைத் திறந்துவிட்டாள்.

தம்பிக்குப் பேச வேண்டும். நடந்ததை முதலிலிருந்து ஒருமுறை சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று அவன் முகம் துடித்தது. "மேடம் தலைய..." என்று தொடங்கினான். மனைவி அவன் தொடையில் கிள்ளினாள்.

மூத்தவன் எப்போதும் பாடிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவன். பாட்டின் முதல் எழுத்து வெளியே வருவதற்குள் நாங்கள் மூவரும் அவனைப் பார்த்தோம். அவன் விழுங்கிக்கொண்டான். முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவன் கை தானாக ஒலிப்பானுக்குப் போயிற்று. தம்பி அந்தக் கையைப் பிடித்துத் திரும்ப ஸ்டியரிங் சக்கரத்தில் வைத்தான். மேடு பள்ளம் வந்த இடங்களில் எல்லாம் வண்டி தவழ்ந்தது. சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். ஒருவர் திரும்பி, வண்டிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"பாப்பா படிக்குது," என்றான் தம்பி, உதட்டை மட்டும் அசைத்து.

முடிச்சு தலை நிமிரவில்லை. ஒரு பக்கத்தைப் படித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதே பக்கத்தை மறுபடியும் படித்தாள். பிறகு என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேளாமலே உருவி, ஓரத்தில் எதையோ எழுதினாள். அதில் ஒரு சொல் பிழையாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.